அமினாத்தாவின் நாடகமும் என் வீட்டுக்காரியும்

1

என் மனைவி மேடை ஏறப்போகிறாள் என்பதை ஒரு சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பாரிசுக்கு வெளியே நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதாகிப் பல மாதம். அதன் கதவுதான் இப்போது விளம்பரப் பலகை. காணாமல் போன பூனை, விலைக்கு இருக்கும் கட்டில், கணக்குப் பாடம் சொல்லித்தரும் மாணவன். இவற்றுக்கு நடுவே புதிதாக ஒரு தாள். அதில் நான்கு பெண்கள். மூன்று பேர் கறுப்பினப் பெண்கள். நான்காவது ஆள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தபடி நிற்கிறாள். இலங்கையில், எங்கள் நமுனுகுல மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கட்டுகிற படங்குச் சாக்கு அது. கட்டியிருந்தவள் புஷ்பராணி.

எனக்கு பிரெஞ்சு வாசிக்க வராது. மகள் தர்ஷினியைக் கீழே கூட்டி வந்து காட்டினேன்.

"'திரும்பி நில்' எண்டு போட்டிருக்கு அப்பா. நாடகம். அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

மகளுக்குத் தெரிந்திருக்கிறது.

மேலே போனேன். புஷ்பராணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ ஒட்டியிருக்கே, அது என்னா புள்ள?"

"நாடகம்."

"நாடகம்னு தெரியுது. அதுல நீ எங்க?"

"அந்தா, நாலாவதா நிக்கிறேன். பாக்கலயா?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"சனிக்கெழம சனிக்கெழம அமினாத்தாகூட போறேன்னு சொல்லிட்டுத்தானங்க போனேன். எங்க போறேன்னு நீங்க கேக்கல."

அது உண்மை. நான் கேட்கவில்லை.

2

பதுளைப் பக்கம் இதை வாசிப்பவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். நமுனுகுலவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதுளைக் கடைவீதியில் மூட்டை தூக்கினேன். மொனராகலையில் கரும்பு வெட்டினேன். கொழும்பு, பிறகு வளைகுடா, பிறகு வேறு சில நாடுகள். சில இடங்களில் பசி, சில இடங்களில் பொலிஸ். எங்கேயும் நிலையாக இருக்கப் பிடிக்காத ஆள் நான். நடுவில் ஒருமுறை ஊருக்குப் போய்ப் புஷ்பராணியைக் கட்டினேன். அவள் பக்கத்துத் தோட்டம். கொஞ்ச காலம் அவளோடு தோட்டத்திலேயே இருந்து, தேயிலைச் செடியை வெட்டிவிடும், ஆண்கள் செய்கிற கவ்வாத்து வேலைக்குப் போனேன். பிறகு மறுபடியும் கிளம்பிவிட்டேன். பிரான்சில் தங்குவதற்கான கார்டு கிடைத்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன்.

நான் ஒரு ரெஸ்டோரண்டின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே எல்லோரும் தமிழர், முதலாளியும் தலைமைச் சமையல்காரரும் மட்டும் வெள்ளையர். ஆகவே எனக்குத் தெரிந்த பிரெஞ்சு சட்டி, கத்தி, சீக்கிரம் என்பதோடு நின்றுவிட்டது. புஷ்பராணி ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறாள். அங்கே அவளைத் தவிரத் தமிழர் இல்லை. ஆகவே அவளுக்கு பிரெஞ்சு வந்துவிட்டது. கார்டு புதுப்பிக்கப் போனால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெண், முன்பெல்லாம் என் முகத்தைப் பார்த்துக் கத்துவாள். இப்போது அவளும் புஷ்பராணியும் பேசிச் சிரிக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று போட்டோவைக் கொடுக்கிறேன்.

மகள் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். பிள்ளைக்கு அவர்களுடைய தமிழ்தான் வாயில் நிற்கிறது. நான் "ஆமா" என்றால் அவள் "ஓம்" என்கிறாள். நான் பெற்ற பிள்ளை வேறு யாருடைய வீட்டிலோ வளர்ந்து வந்தமாதிரி இருக்கும்.

இப்படி ஒவ்வொருவராக எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போன நான் நின்ற இடத்தில் நிற்கிறேன்.

3

அமினாத்தா மாலி நாட்டுக்காரி. புஷ்பராணியோடு ஒரே மாடியில் அறை சுத்தம் செய்பவள். பெயர் அமினாட்டா, என் வீட்டில் அமினாத்தா ஆகிவிட்டது. நல்ல உயரம். சிரித்தால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். என்னைப் பார்த்தால் "மிஸ்ஸியோ புஷ்பா" என்று கூப்பிடுவாள். மனைவி பெயரால் என்னைத் "திரு. புஷ்பா" ஆக்குவது எனக்குப் பிடிக்காது.

சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவும் உதயன் கேட்டான்: "என்னண்ணை, உங்கட மனுசி கறுவலுகளோட கூத்தாடுறாவாம்?"

"ஆமா. உனக்கென்ன?"

"எனக்கென்ன. சனம் கதைக்குது, அதுதான் சொன்னனான்."

நான் இல்லாத நேரத்தில் இதே உதயன் மலையகத்து ஆள் என்று இளக்காரமாக என்னைத் தோட்டக்காட்டான் என்று சொல்வது எனக்குத் தெரியும். வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் சனம் கதைக்கிறது என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று இரவு சாப்பிடும்போது நாடகம் எதைப் பற்றி என்று கேட்டேன்.

"எரநூறு வருசத்துக்கு முந்தி ஆப்பிரிக்காவுல இருந்து ஒரு பொம்பளைய கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தாங்களாம். கூடாரத்துல நிக்க வச்சு, டிக்கட் போட்டு அவ ஒடம்பக் காட்டுனாங்களாம். திரும்பு, திரும்புன்னு. படிச்ச ஆளுங்க வந்து அளவெடுத்தாங்களாம். செத்த பொறகும் பொதைக்கலயாம். வெட்டி எடுத்துப் போத்தல்ல போட்டு வச்சாங்களாம்."

"எந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதான்."

இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "அது அவுங்க கத. அதுல உனக்கென்னா வேல?"

"எனக்கும் ஒரு எடம் குடுத்திருக்காங்க," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பின்னால் போனேன். வேவு பார்க்கத்தான் போனேன். வேறு பெயர் சொல்லத் தேவையில்லை. நகரசபை மண்டபத்தின் பக்கக் கதவில் கண்ணாடி இருந்தது. உள்ளே பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாடகத்தை நடத்துகிற ரோசலின் என்ற முதிய பெண்மணி நடுவில் இருந்தாள், மார்த்தினிக் தீவுக்காரி. புஷ்பராணி குனிந்து தலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். கூடைக் கயிறு தலையில் உரசி உரசி, உச்சிக்கு மேலே விரலகலத்தில் ஒரு தடத்தில் அவளுக்கு முடி முளைப்பதில்லை. கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு இருப்பதுதான். அவள் அதன்மேல் முடியை இழுத்து வாரி மறைப்பாள். நானும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. இப்போது ஒவ்வொரு பெண்ணாக எழுந்து வந்து அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். அமினாத்தா விரலை எடுக்கவே இல்லை.

வேறொரு ஆண்பிள்ளை தொட்டிருந்தால் கதவை உடைத்திருப்பேன். பெண்கள் தொட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு புஷ்பராணி எழுந்து நின்று பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். தன் தாடையைத் தானே பிடித்து ஒருபக்கம் திருப்பிக் காட்டினாள். ரோசலின் கண்ணைத் துடைத்தாள். என் மனைவி பேசி ஒருவர் அழுகிறார். என்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"வந்து பாத்தீங்களா?" என்றாள். கோபப்படவில்லை. துணியை மடித்தபடியே சொன்னாள்:

"நான் கொழுந்துக்குப் போன காலத்துல ஒரு நாளு வெள்ளக்காரங்க கேமராவோட மலைக்கு வந்தாங்க. சின்னத்தொரயும் கூட வந்து, புள்ள நீ வந்து நில்லுன்னாரு. நின்னேன். திரும்புன்னாரு. கூடைய ஏத்திப் போடுன்னாரு. சிரின்னாரு. அட்ட காலுல ஏறுது, குனிய விடல. ஒரு ஆளு கிட்ட வந்து என் தாடையப் புடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்புனான், செம்பத் திருப்புற மாதிரி. பொழுது போயிருச்சு. கொழுந்து நெறை பத்தல. அன்னைக்கு அரைப்பேரு போட்டாங்க."

சின்னத்துரை என்பவர் தோட்டத்தின் துணை அதிகாரி; எடை குறைந்தால் அரைநாள் வேலையாகப் பதிவதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள்.

"இத்தன வருசமா இத எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"சொல்றதுக்கு இதுல என்னா இருக்குன்னு நெனச்சேங்க. எல்லாருக்கும் நடக்குறதுதான. அந்தப் பொம்பளையோட கதய அமினாத்தா சொன்ன பொறகுதான், இதுலயும் என்னமோ இருந்திருக்குன்னு தெரிஞ்சுச்சு."

அமினாத்தாமேல் எனக்கு இருந்த பொறாமை அன்று இரட்டிப்பானது. ஒரே மலை, ஒரே மொழி, ஒரே சோறு என்று வாழ்ந்த எனக்குக் கிடைக்காத பேச்சு, எங்கோ பிறந்த ஒருத்திக்கு அரைகுறை பிரெஞ்சில் கிடைத்திருக்கிறது.

4

நாடகம் முதலில் எங்கள் ஊர் மண்டபத்தில். பிறகு வேறு ஊர்களில் போடக் கூப்பிட்டிருந்தார்கள். மார்செய், லியோன், இன்னும் சில இடங்கள். இரண்டு வாரம் வீட்டை விட்டுப் போகவேண்டும்.

"நான் போகட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாரமா? புள்ளைய யாரு பாக்குறது?"

தர்ஷினி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எனக்குப் பதினேழு வயசு அப்பா. நான்தான் உங்களைப் பாக்கோணும்."

"நீ சும்மா இரு."

"நீங்க ஒருக்கா வந்து பாருங்க," என்றாள் புஷ்பராணி. "பாத்துட்டு, போகாதன்னா போகல."

என் மனதில் அப்போதே முடிவு இருந்தது. போய்ப் பார்த்துவிட்டுப் போகாதே என்று சொல்வது. பார்க்காமல் சொன்னால் என்மேல் குற்றம் வரும்; பார்த்துவிட்டுச் சொன்னால் வராது.

நாடகம் என்று எனக்குத் தெரிந்தது தோட்டத்துக் காமன் கூத்து. அதில் எரிந்துபோன காமனுக்காக ரதியாகச் சேலை கட்டி அழுகிறவன் ஆண்பிள்ளை. எங்கள் லயத்தில் ராசு என்கிற டிரைவர்தான் ரதி. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவனோடு சேர்ந்து அழுவார்கள். பெண் மேடையேறி நின்று நான் பார்த்ததில்லை. சொந்த மனைவி நின்று பார்க்கப்போவதாகக் கனவிலும் நினைத்ததில்லை.

5

மண்டபம் நிரம்பியிருந்தது. வெள்ளையர், கறுப்பினத்தவர், அரபிகள். தமிழர் என்று நானும் மகளும்தான். விளக்கு அணைந்தது. ஒரு பீப்பாய்மேல் வெளிச்சம் விழுந்தது. அமினாத்தா அதன்மேல் ஏறி நின்றாள். உடம்பு முழுக்க மூடிய சாம்பல் நிற உடுப்பு. மற்றப் பெண்கள் ஆண்களின் உயரத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி வந்தார்கள். கையில் அளவு நாடா. "திரும்பு" என்றார்கள்; மகள் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். திரும்பினாள். "இன்னும்." திரும்பினாள். படிக்கட்டு முழுக்கக் கேட்கச் சிரிக்கிற அந்தப் பெண்ணின் முகத்தில் அன்று ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கூடம் சத்தமில்லாமல் சுருங்கியது. எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவள் செத்தாள். செத்த பிறகும் நாடாவை எடுக்கவில்லை.

அழவேண்டிய நேரம் அது. எனக்கு வந்தது வேறு. இவளுக்காக இருநூறு வருடம் கழித்து இத்தனை பேர் உட்கார்ந்து அழுகிறார்கள். எங்கள் மலைகளில் அட்டை கடித்து, பிள்ளை வயிற்றோடு கூடை சுமந்து, தேயிலைத் தூருக்கடியில் புதைந்துபோன பெண்களுக்கு யார் விளக்குப் போட்டார்கள்? பதுளையில் எந்த மண்டபம் நிரம்பியது? செத்துப்போன ஒரு பெண்ணின் துக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் எப்படிப்பட்டவன் என்று கேட்காதீர்கள். நான் பொறாமைப்பட்டேன்.

அப்போது புஷ்பராணி வந்தாள். படங்கு கட்டி, முதுகில் கூடையோடு. கயிறு தலையில், அந்தத் தடத்தில். முடியை இழுத்து வாரியிருக்கவில்லை. தொப்பி போட்ட ஒருத்தி வந்து அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "திரும்பு." திரும்பினாள். "சிரி." சிரித்தாள். இருபது வருடமாக வீட்டுப் போட்டோக்களில் நான் பார்த்த அதே சிரிப்பு.

அமினாத்தா எழுந்து தானும் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டாள். ஒரு தாளை விரித்துப் பெயர் படித்தாள்: "புஷ்பராணி." பிறகு கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அ கீ?"

அந்தப் பிரெஞ்சு எனக்குத் தெரியும். சமையலறையில் எங்கேயாவது கத்தி கிடந்தால் தலைமைச் சமையல்காரர் அதைத் தூக்கிப் பிடித்து அப்படித்தான் கேட்பார். இது யாருடையது?

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். சம்பள நாளில் பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் ஆண்கள். கணக்கப்பிள்ளை பெண்ணின் பெயரைப் படித்து, "யாரு ஆளு?" என்று கேட்பார். புருசன் இருந்தால் புருசன், இல்லாவிட்டால் அப்பன், கையைத் தூக்கிச் சம்பளத்தை வாங்கவேண்டும். தூக்கத் தாமதித்தால் வரிசைக் கடைசிக்குப் போகச் சொல்வார்கள். அதனால் பெயர் காதில் விழும்போதே கை மேலே போய்விடும். என் அப்பா அப்படி வாங்கினார். கல்யாணம் ஆகித் தோட்டத்தில் இருந்த நாட்களில் நானும் அப்படி வாங்கினேன். இதே பெயருக்கு.

என் கை மேலே போனது. வாயும் சொன்னது: "அ முவா." என்னுடையது.

கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அமினாத்தா தாளோடு நின்றுவிட்டாள். நாடகத்தில் அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லக்கூடாது. அமைதிக்குப் பிறகு பெண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றவேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்தது, கை மேலே இருக்கிறது, இறங்க மறுக்கிறது என்பது மட்டும்தான். தர்ஷினி என் சட்டையை இழுத்தாள்.

புஷ்பராணி சிரிப்பை நிறுத்தினாள். கூடையை இறக்கி வைத்தாள். மேடை விளிம்புவரை வந்து, என்னைத் தேடிப் பார்த்து, தமிழில் சொன்னாள்:

"கைய எறக்குங்க."

சத்தம் போடவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் அந்தச் சொல் புரியும். ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. நான் கையை இறக்கினேன். பெண்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

6

நாடகம் முடிந்து வாசலில் நின்றேன். ரோசலின் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினாள். தர்ஷினி கேட்டுச் சொன்னாள்:

"ரோசலினுக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சாம் அப்பா. ஒவ்வொரு ஊரிலயும் நீங்கள் வந்து அப்பிடிக் கை தூக்குவீங்களோ எண்டு கேக்கிறா. உங்களுக்கும் டிக்கட் போடுவினமாம்."

எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. உண்மையாகவே வந்தது. இரண்டு வாரம் அவளோடு போகலாம், அவள் எங்கே யாரோடு இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

புஷ்பராணி முகத்தில் பூசியதைத் துடைத்தபடி வந்தாள். பிரெஞ்சில் ரோசலினிடம் ஒரே வார்த்தை. பிறகு எனக்காகத் தமிழில்: "வேணாம். அவரு நெசமா செஞ்சாரு. நடிச்சா நல்லா இருக்காது."

வீட்டுக்கு நடந்தோம். மகள் முன்னால் போனாள்.

"நான் வேணும்னு தூக்கல புள்ள," என்றேன்.

"தெரியும்ங்க. வேணும்னு தூக்கியிருந்தா சண்ட போட்டிருப்பேன். தன்னால தூக்கிருச்சுன்னுதான் பயமாப் போச்சு."

கொஞ்ச தூரம் போனதும் நான் சொல்ல நினைத்திருந்ததை எடுக்கப் பார்த்தேன். "ரெண்டு வாரம்னு சொன்னியே..."

"போகட்டுமான்னு கேட்டேன்ல, அந்தக் கேள்விய நான் திருப்பி எடுத்துக்கிறேன்," என்றாள். "வியாழக்கெழம ரயிலு. ஃப்ரிட்ஜுல கொழம்பு வச்சிட்டுப் போறேன். சூடாக்கத் தெரியும்ல?"

"சமையக்காரனப் பாத்துக் கேக்குற."

"வீட்டு அடுப்பு வேறங்க."

முன்னால் போன தர்ஷினி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

7

அவள் போன பிறகு வீடு பெரிதாகத் தெரிகிறது. மகளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து குழம்பு சாப்பிடுகிறோம். ஒருநாள் அவள் கேட்டாள்: "அப்பா, சம்பளத்தை நீங்கள் வாங்கினா, அம்மாவின்ர கைக்கு எப்ப வரும்?" யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: "வராது. வீட்டுக்கு வரும்." அதற்கு அவள் "ஓம்" என்றது வழக்கமான ஓம் அல்ல.

உதயன், "மனுசி எந்த ஊரில?" என்று தினமும் கேட்கிறான். ஊர்ப் பெயரைச் சொல்கிறேன். அவள் பார்த்த ஊர்கள் நான் பார்க்காத ஊர்கள். ஊர் சுற்றுகிறவன் என்று என்னைச் சொன்ன காலம் போய்விட்டது.

காலையில் நான் வேலை தொடங்குகிற நேரத்தில் அவள் போன் எடுப்பாள். சாப்பாடு, குளிர், ஹோட்டல் மெத்தை. "அடுத்தவ விரிச்ச கட்டில்ல படுக்குறது நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் ஒருநாள். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் நான் ஒரே கேள்வி கேட்பேன்.

"நேத்து யாராச்சும் கை தூக்குனாங்களா?"

"இல்லங்க."

அதைக் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஏன் என்று முதல் சில நாள் எனக்கே பிடிபடவில்லை. "கைய எறக்குங்க" என்பது அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு அவமானம் தந்த சொல். ஆனால் அவள் அந்த மேடையிலிருந்து எனக்கென்று தமிழில் சொன்ன சொல்லும் அதுதான். வேறு எவனுக்கும் அது போகக்கூடாது என்று காவல் காத்திருக்கிறேன்.

இன்று காலையும் கேட்டேன்.

"ஒருத்தன் தூக்குனான்," என்றாள்.

கத்தியைக் கீழே வைத்தேன். "யாரு? எந்த நாட்டுக்காரன்? தமிழனா?"

"இல்லங்க. வயசான வெள்ளக்காரன். தன்னால தூக்கிருச்சு போல, பாவம், அவன் பொஞ்சாதி பக்கத்துல உக்காந்திருந்தா."

"நீ என்னா சொன்ன?"

"உங்ககிட்ட சொன்னதத்தான் சொன்னேன்."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான். அது வேற எதுலயும் எனக்கு வரல."

உதயன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். "கைய எறக்குனானா?" என்று கேட்டேன்.

"எறக்குனான்," என்றாள் புஷ்பராணி. "உங்கள விட சீக்கிரமா."